விதை காக்கும் வெப்பம்: மின் உலர்த்திப் பெட்டிக்கு ஏற்ற ஆளியைத் தெரிந்தெடுத்தல்

"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்பது முதுமொழி. சபரகமுவ மாகாணத்துக் கமக்காரரோ, வெயிலுள்ளபோதே உலர்த்திக்கொள்ளவும் வேண்டியவராவர். இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களின் பெரும்பகுதி ஈர வலயத்தைச் சேர்ந்தது. இரத்தினபுரி நகரில் ஆண்டொன்றுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. யாழப் போக நெல் அறுவடையாகும் ஆவணி, புரட்டாசி மாதங்களில் வானம் தெளிந்திருக்குமென்று எவரும் உறுதி கூற முடியாது. களத்தில் பரப்பிய நெல்லைக் காலையில் விரித்து, பகலில் மழைக்கு அஞ்சி அள்ளி, மாலையில் மீண்டும் விரிக்கும் தொல்லையை இப்பகுதியிலே அறியாதார் இலர். உண்பதற்கான நெல் சற்று மங்கினாலும் உலைக்கு உதவும். விதைக்கென்று வைத்த நெல் பூஞ்சணம் பிடித்துவிட்டால் அடுத்த போகமே பாழாகிவிடும்.

இக்காரணத்தினால் சிறு அளவில் விதை நெல்லையும், பாகற்காய், கத்தரிக்காய், பலாக்காய், மிளகாய் முதலியவற்றையும் மின்சார வெப்பத்தினால் உலர்த்தும் பெட்டிகளைச் சிலர் தாமே அமைத்துக்கொள்கின்றனர். மரப் பலகையும் தகரமும் கொண்ட பெட்டி, ஒரு காற்றாடி, ஒன்றிரண்டு சூடாக்கும் சுருள்கள் ஆகியவை அதன் உறுப்புகளாம். இவற்றைத் தேடிப் பெறுதல் கடினமன்று. ஆனால் சுருளுக்கு மின்சாரத்தை எப்போது விடுவது, எப்போது நிறுத்துவது என்பதை ஆளும் உறுப்பே பெட்டியின் உயிர்நிலை. அதனைத் தவறாகத் தெரிந்தெடுத்தால், விதை வெந்து முளைப்புத் திறன் அழியும். சில வேளை பெட்டியே தீப்பற்றும். ஆகையால் இந்த ஆளிகளின் இயல்பை அறிந்து வாங்குதல் இன்றியமையாதது.

எவ்வளவு வெப்பம் வேண்டும்?

தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் பொறியினுள் நுழையும் காற்று 90 முதல் 100 பாகை செல்சியஸ் வரை சூடாக்கப்படுகின்றது. றப்பர்த் தாள்களைப் புகையூட்டும் வீட்டில் 60 பாகையை மிஞ்ச விடுவதில்லை. இவ்வேறுபாட்டைத் தோட்டங்களில் தொழில் செய்வோர் நன்கறிவர். விதை நெல் இவற்றிலும் மென்மையானது. அதன் கருவுக்கு உயிருண்டு. உலர்த்தும் காற்றின் வெப்பம் 43 பாகையைத் தாண்டலாகாது. காய்கறிகளுக்கோ 55 முதல் 65 பாகை வரை பொருந்தும்.

வெப்பத்தைச் சிறிதே உயர்த்தினாலும் காற்றின் ஈரம் உறிஞ்சும் ஆற்றல் பெரிதும் வளரும். மழைநாளில் 28 பாகை வெப்பமும் நூற்றுக்கு 90 பங்கு ஈரப்பதனும் உள்ள காற்றை 40 பாகைக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதன் நூற்றுக்கு ஏறக்குறைய 46 ஆகக் குறைந்துவிடும். எனவே விதை நெல்லுக்கு 40 பாகையே போதுமானது. அவசரப்பட்டு 50 பாகைக்கு ஏற்றுவதால் கிடைக்கும் நேர இலாபம் சிறிது. விதைக்கு நேரும் நட்டமோ பெரிது.

மின் செலவின் கணக்கு

ஈர நெல் 100 கிலோகிராம், அதாவது ஏறக்குறைய 5 புசல், நூற்றுக்கு 20 பங்கு ஈரத்துடன் வருவதாகக் கொள்க. அதனை 12 பங்கிற்குக் கொண்டுவர 9 கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட நீரை அகற்றல் வேண்டும். ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.7 யூனிட் மின்சாரம் செல்லும். பெட்டியிலிருந்து சூடான காற்று வீணே வெளியேறுவதையும் சேர்த்தால் அதனை இரட்டிப்பாக எண்ணல் வேண்டும். ஆகவே 100 கிலோகிராமுக்கு 13 யூனிட் அளவில் செலவாகும்.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகும். உண்ணும் நெல் முழுவதையும் மின்சாரத்தால் உலர்த்துதல் கட்டுப்படியாகாது. அதற்கு வெயிலும், உமியோ விறகோ எரிக்கும் அடுப்புமே உகந்தவை. மின் பெட்டியை விதை நெல்லுக்கும், நல்ல விலை பெறும் உலர் காய்கறிக்குமே ஒதுக்குதல் அறிவுடைமை.

இத்தகைய சிறு பெட்டிக்கு 3 கிலோவாற்று வெப்பம் போதும். அது விநாடிக்கு ஏறக்குறைய 0.2 கன மீற்றர் காற்றை 28 பாகையிலிருந்து 40 பாகைக்கு ஏற்றவல்லது. இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. 3,000 வாற்றை 230 ஆல் வகுக்க 13 அம்பியர் வரும். இந்த 13 என்னும் எண்ணே இனி வரும் தெரிவுகளுக்கெல்லாம் அடிப்படை. ஆளியை வாங்கக் கடைக்குச் செல்லுமுன் கமக்காரர் தம் சுருளின் வாற்று அளவை வகுத்து, அம்பியரைக் கணித்து, தாளில் குறித்துச் செல்க.

முதலாவது வகை: வெப்ப நிலைப்படுத்தி

வெவ்வேறு அளவில் விரியும் இரு உலோகத் தகடுகளை ஒட்டினால், சூடேறும்போது அவை வளையும். இவ்வளைவைக் கொண்டு வெப்பத்தை ஆளும் கருவிக்கு 1830 ஆம் ஆண்டில் அண்ட்ரூ யூர் என்பவர் காப்புரிமை பெற்றார். இஸ்திரிப் பெட்டியில் இன்றும் வேலை செய்வது இத்தத்துவமே. மற்றொரு வகையில், திரவம் நிறைந்த சிறு குமிழ் மெல்லிய செப்புக் குழாயினால் ஆளியுடன் இணைக்கப்பட்டிருக்கும். குமிழ் சூடேறத் திரவம் விரிந்து ஆளியைத் தள்ளும்.

இவை மலிவானவை, எளிதில் பழுதாகாதவை. ஆனால் நிறுத்தும் வெப்பத்திற்கும் மீண்டும் தொடக்கும் வெப்பத்திற்கும் இடையே சில பாகை வேறுபாடு இருக்கும். மேலும் மின்சாரம் நின்ற பின்னரும் சுருளில் தங்கிய சூடு பெட்டியினுள் பரவும். 43 இல் வைத்தால் 46 வரை ஏறிவிடக்கூடும். ஆதலால் விதை நெல்லுக்கு இவ்வகையை 38 அல்லது 39 பாகையிலே வைத்து, பெட்டியினுள் தனியாக ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, உச்ச வெப்பம் எதுவென இரண்டு மணி நேரம் நோக்கி, அதன் பின்னரே விதையை இடுதல் வேண்டும்.

குமிழ் நிலைப்படுத்திகளிற் பல 16 அம்பியர் தாங்குமென அச்சிடப்பட்டிருக்கும். 13 அம்பியர் அதற்குள் அடங்குமேயாயினும், நாள் முழுவதும் எல்லைக்கருகில் உழைக்கும் தொடுமுனை விரைவில் கருகும். ஆகவே சுருளின் மின்னோட்டத்தை நிலைப்படுத்தியின் வழியே நேராக விடாமல், அதனைக்கொண்டு ஒரு கொன்ராக்டரை இயக்குதலே சிறந்த முறையாம்.

இரண்டாவது வகை: றிலேயும் கொன்ராக்டரும்

சிறு மின்னோட்டம் ஒரு கம்பிச் சுருளைக் காந்தமாக்க, அக்காந்தம் தொடுமுனைகளை இழுத்துப் பெரு மின்னோட்டத்தைச் செலுத்துவதே இவ்விரண்டின் தத்துவமும் ஆகும். சிறியதை றிலே என்றும், பெரியதைக் கொன்ராக்டர் என்றும் வழங்குவர்.

கொன்ராக்டரின் பக்கத்தில் இரு அளவுகள் காணப்படும். ஏசி-1 என்பது சூடாக்கும் சுருள் போன்ற சுமைக்குரியது. ஏசி-3 என்பது மோட்டாருக்குரியது. ஒரே கொன்ராக்டருக்கு ஏசி-1 அளவு கூடுதலாகவும் ஏசி-3 அளவு குறைவாகவும் இருக்கும். சுருளுக்கு வாங்குவோர் ஏசி-1 அளவையும், காற்றாடி மோட்டாருக்கு வாங்குவோர் ஏசி-3 அளவையும் பார்த்தல் வேண்டும். 13 அம்பியர்ச் சுருளுக்கு ஏசி-1 அளவில் 20 அல்லது 25 அம்பியருள்ள கொன்ராக்டர் பொருந்தும். அதன் காந்தச் சுருள் 230 வோல்ற்றுக்குரியதா, 24 வோல்ற்றுக்குரியதா என்பதையும் கேட்டறிக. கம்பியின் கடைக்கோடியில் உள்ள தோட்டங்களில் மாலை நேரத்தில் மின்னழுத்தம் தாழும்போது, கொன்ராக்டர் படபடவென அடித்துக்கொள்ளும். அவ்வொலி கேட்டால் உடனே நிறுத்துதல் வேண்டும். அன்றேல் தொடுமுனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிவிடும்.

தொடுமுனைகளுக்கு ஆயுள் உண்டு. ஒவ்வொரு முறை பிரியும்போதும் சிறு பொறி பறந்து உலோகம் தேய்கின்றது. சிறிய றிலே முழுச் சுமையில் 1,00,000 முறை இயங்குமெனப் பொதுவாகக் கணக்கிடுவர். இரண்டு நிமிடத்திற்கொரு முறை இயங்கினால், பத்து மணி நேர வேலைநாளில் 300 முறையாகும்; அப்போது றிலே 300 நாளுக்கு மேல் உழைக்கும். 20 விநாடிக்கொரு முறையாயின் நாளொன்றுக்கு 1,800 முறை. அது 55 நாளில் தேய்ந்துவிடும். 2 விநாடிக்கொரு முறையாயின் நாளொன்றுக்கு 18,000 முறை. ஆறு நாளுக்கும் தாங்காது. எனவே வெப்பத்தை நுட்பமாக ஆள விரும்புவோர், ஆளி எத்தனை முறை இயங்கவேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தல் வேண்டும்.

மூன்றாவது வகை: திண்மநிலை றிலே

1957 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் தைரிஸ்டர் என்னும் குறைகடத்தி ஆளியை வெளிக்கொணர்ந்தது. அதில் அசையும் பகுதி எதுவுமில்லை. தொடுமுனையும் பொறியும் இல்லை. இத்தகைய குறைகடத்திகளை உள்ளடக்கிய சிறு பெட்டியே திண்மநிலை றிலே. விநாடிக்கொரு முறை இயங்கினாலும் அது தேய்வதில்லை. சூடாக்கும் சுருளுக்கென விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை ஆடலோட்ட அலை பூச்சியத்தைக் கடக்கும் கணத்தில் தொடக்குவனவாதலால், வானொலிப் பெட்டியில் இரைச்சலும் குறைவு.

இதனுடன் எண்முறை வெப்பக் கட்டுப்படுத்தி ஒன்றைச் சேர்த்தால், 40 பாகையில் வைத்த வெப்பம் ஒரு பாகை ஏறாது, இறங்காது நிற்கும். வெப்பம் இலக்கை நெருங்க நெருங்க, ஒவ்வொரு சில விநாடியிலும் மின்சாரம் பாயும் பங்கை அக்கருவி குறைத்துக்கொண்டே வரும். கட்டுப்படுத்தியை வாங்கும்போது அதன் வெளியீடு றிலே வகையா, திண்மநிலை றிலேயை இயக்கும் 12 வோல்ற்று நேரோட்ட வகையா எனக் கேட்டல் வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது.

திண்மநிலை றிலேக்குக் குறைகள் மூன்று உள.

முதலாவது, அது தானே சூடேறும். ஓடும் ஒவ்வோர் அம்பியருக்கும் 1 முதல் 1.5 வாற்று வரை வெப்பம் அதனுள் பிறக்கும். 13 அம்பியருக்கு 15 முதல் 20 வாற்று எனலாம். தீப்பெட்டியிலும் சற்றே பெரிதான உடலிலே இவ்வெப்பம் தங்கினால் சில நிமிடங்களில் கருகிவிடும். ஆகவே சிறகுகள் கொண்ட அலுமினியத் தகட்டில், இடையே வெப்பக் களிம்பு பூசி, இறுக்கிப் பொருத்துதல் வேண்டும். சிறகுகள் செங்குத்தாக நிற்க, பெட்டிக்கு வெளியே நிழலான இடத்தில் அமைத்தல் வேண்டும். 13 அம்பியருக்கு 25 அம்பியரிற் குறைந்ததை வாங்கலாகாது. மலிவு விலைக்கு விற்கப்படும் சிலவற்றில் அச்சிட்ட அளவு உண்மை அளவினும் கூடுதலாயிருக்குமாதலால், 40 அம்பியர் என எழுதப்பட்டதை வாங்குதல் மேலும் பாதுகாப்பானது.

இரண்டாவது, அணைந்த நிலையிலும் சில மில்லி அம்பியர் அதன் வழியே கசியும். ஆகவே விளக்கு அணைந்திருக்கின்றது என்று நம்பிச் சுருளைக் கையால் தொடலாகாது. பிரதான ஆளியைப் பிரித்த பின்னரே பெட்டியைத் திறத்தல் வேண்டும்.

மூன்றாவது குறையே மிகக் கொடியது. திண்மநிலை றிலே பழுதுறும்போது பெரும்பாலும் மூடிய நிலையிலேயே பழுதாகும். அதாவது, கட்டுப்படுத்தி நிறுத்தென்று கூறினும் அது நில்லாது. மின்சாரம் தொடர்ந்து பாய்ந்துகொண்டேயிருக்கும். சித்திரை மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மாலை தோறும் இடி மின்னல் மிகும் இம்மாகாணத்தில், மின்கம்பி வழியே வரும் அதிர்ச்சி இத்தகைய பழுதை எளிதில் விளைவிக்கும். இடி முழங்கும் வேளையில் பெட்டியை மின் இணைப்பிலிருந்து பிரித்து வைத்தல் நன்று.

காவலாளி ஒருவன் வேண்டும்

மேற்கூறிய வகைகளுள் எதனைக் கொண்டாலும், முதல் ஆளி தவறினால் தடுக்க இரண்டாவது ஆளி ஒன்று இருந்தே ஆதல் வேண்டும். விதை நெற் பெட்டியில் 48 பாகையிலும், காய்கறிப் பெட்டியில் 75 பாகையிலும் வெட்டுமாறு தனியான வெப்ப நிலைப்படுத்தி ஒன்றை அமைத்து, அதனால் ஒரு கொன்ராக்டரைப் பிரிக்கச் செய்க. அது தானாக மீண்டும் தொடங்காது, கையால் அழுத்தினாலன்றி இயங்காத வகையாயிருத்தல் சிறப்பு. திண்மநிலை றிலே நுட்பமாக ஆளட்டும். கொன்ராக்டர் காவல் காக்கட்டும். இவ்விரண்டும் தொடராக அமைந்த பெட்டியே நம்பத்தக்கது.

காவலின் தேவையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். கமக்காரர் ஒருவர் 5 புசல் விதை நெல்லைப் பெட்டியிலிட்டு உறங்கச் செல்கின்றார் எனக் கொள்வோம். நள்ளிரவில் எலி இழுத்ததால் வெப்ப உணரி பெட்டிக்கு வெளியே விழுந்துவிடுகின்றது. வெளிக் காற்றின் குளிர்ச்சியை உணர்ந்த கட்டுப்படுத்தி, பெட்டி சூடேறவில்லையென எண்ணி ஓயாது மின்சாரத்தை விடும். காலையில் நெல் பொன்னிறமாகவே தோன்றும். கையிலெடுத்தால் நன்கு உலர்ந்தும் இருக்கும். நாற்றுமேடையில் தூவிய பின்னரே அதன் கரு வெந்து மாண்டது தெரியவரும். அப்போது விதைக்கும் பருவமும் கடந்திருக்கும். சிறு விலைக்குக் கிடைக்கும் காவல் ஆளி ஒன்று அப்போகத்தைக் காத்திருக்கும்.

காற்றாடி நின்றால் சுருளும் நிற்குமாறு இணைத்தலும் இன்றியமையாதது. காற்றாடியின் கொன்ராக்டரிலுள்ள துணைத் தொடுமுனை வழியாகவே சுருளின் கொன்ராக்டருக்கு மின்சாரம் செல்லச் செய்வது ஒரு வழி. ஆயினும் மோட்டார் எரிந்தோ பட்டி அறுந்தோ காற்று நிற்பின் அதனை இவ்விணைப்பு அறியாது. அவ்வேளையிலும் காவல் ஆளியே துணை. ஆகையால் அதன் குமிழைச் சுருளுக்கு மேலே, சூடு எழும் இடத்தில் வைத்தல் வேண்டும்.

உணரியை வைக்கும் இடம்

ஆளும் உணரி நெல்லுக்குள் புதைந்திருக்கலாகாது. சுருளை ஒட்டியும் இருக்கலாகாது. சூடான காற்று நெல்லினுள் நுழையும் இடத்திற்குச் சற்று முன்னே அதனை உறுதியாகத் திருகிப் பொருத்துக. வெப்ப இணை என்னும் இரு கம்பி உணரியாயின், கம்பிகளை மாற்றிப் பூட்டலாகாது. மாற்றினால் சூடேறும்போது எண் இறங்கிக் காட்டும். கட்டுப்படுத்தி மேலும் மேலும் சூடாக்கும். பூட்டியவுடன் உணரியை உள்ளங்கையில் பற்றிப் பார்க்க, எண் ஏறினால் இணைப்புச் சரியானது.

எதனை வாங்குவது?

விதை நெல் மட்டும் உலர்த்துவோருக்குக் குமிழ் நிலைப்படுத்தியும், அதனால் இயங்கும் கொன்ராக்டரும், தனிக் காவல் ஆளியும் போதுமானவை. 3 கிலோவாற்றை ஒரே சுருளாக அமைக்காமல் 1.5 கிலோவாற்றுச் சுருள்கள் இரண்டாக அமைத்து, ஒன்றை எந்நேரமும் எரியவிட்டு மற்றொன்றை மட்டும் ஆளினால், வெப்பத்தின் ஏற்றத்தாழ்வு பாதியாகக் குறையும். ஆனால் எந்நேரமும் எரியும் சுருள் தனியே பெட்டியை 40 பாகைக்கு மேல் ஏற்றாதென்பதை நண்பகலில் சோதித்தல் வேண்டும். எரியும் அச்சுருளும் காவல் ஆளிக்கு அடங்கியதாகவே இருத்தல் வேண்டும்.

விதையையும் பலவகைக் காய்கறிகளையும் மாறி மாறி உலர்த்துவோருக்கும், பலர் கூடிப் பொதுவில் பெட்டி அமைப்போருக்கும், எண்முறைக் கட்டுப்படுத்தியும் திண்மநிலை றிலேயும் காவல் கொன்ராக்டரும் சேர்ந்த அமைப்பே ஏற்றது. றிலே வெளியீட்டுக் கட்டுப்படுத்தி கையிலிருப்பின், இயங்கும் இடைவெளியை 20 விநாடிக்குக் குறையாது வைத்து, அதனால் கொன்ராக்டரை இயக்கலாம்.

செய்யத்தகாதவை

13 அம்பியர் செருகியில் இப்பெட்டியை இணைத்துப் பத்து மணி நேரம் ஓட்டலாகாது, செருகி உருகும். பகிர்வுப் பலகையிலிருந்து 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியைத் தனியே இழுத்து, 20 அம்பியர் உடைப்பானை அமைக்க வேண்டும். சுருட்டி வைத்த நீட்டிப்புக் கம்பியைப் பயன்படுத்தலாகாது. லயக் காம்பிராக்களின் பழைய கம்பிகளில் இதனை இணைத்தல் அயலாரின் வீட்டுக்கும் தீ வைப்பதை ஒக்கும். பெட்டியின் உலோகப் பகுதிகள் யாவும் புவித்தொடுப்புப் பெற்றிருத்தல் வேண்டும். 30 மில்லி அம்பியரில் வெட்டும் றிப் ஆளி கட்டாயம் இருத்தல் வேண்டும். உருகி எரிந்தால் செப்புக் கம்பியைச் சுற்றி ஒப்பேற்றலாகாது. இணைப்பு வேலையைத் தகுதி பெற்ற மின் வேலையாளரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

இறுதிச் சோதனை

ஆளி நன்றாக ஆண்டதா என்பதைக் கூறவல்லது வெப்பமானியன்று, விதையே. பெட்டியில் இடுமுன் ஒரு பிடி நெல்லை எடுத்து நிழலில் தனியே உலர்த்தி வைக்க வேண்டும். பெட்டியில் உலர்ந்ததிலிருந்து 100 மணியும், நிழலில் உலர்ந்ததிலிருந்து 100 மணியும் எண்ணி, இரு ஈரத் துணிகளில் சுருட்டி வைத்து, ஏழாம் நாள் முளைத்தவற்றை எண்ணுக. இரண்டும் ஒத்து, 85க்குக் குறையாதிருப்பின் பெட்டி நல்லது. இரண்டும் குறைந்திருப்பின் அது புது நெல்லின் உறக்கமாயிருக்கலாம். சில வாரம் கழித்து மீண்டும் சோதிக்கலாம். நிழல் நெல் முளைத்துப் பெட்டி நெல் முளையாதொழியின், குற்றம் வெப்பத்தினுடையது. அந்நெல்லை விதைக்காமல், ஆளியின் அளவைக் குறைத்துச் சீர் செய்க.

நல்ல விதையின்றி நல்ல விளைவில்லை. எடுத்த விதையை மழையிடமிருந்து காக்க வாங்கிய பெட்டியே அதனை வேகவைத்துவிடாதவாறு காப்பது கமக்காரரின் கடமை. 13 அம்பியர் என்று கணக்கிட்டு, அதற்கேற்ற ஆளியைத் தெரிந்து, அதற்கொரு காவலையும் வைத்தவர், வானம் இருண்ட நாளிலும் கவலையின்றி இருப்பார்.